செமி ஓட்டோவா, போல்ட்டா? சுவிஸ் கேள்விக்குக் கல்லடியிலிருந்து ஒரு பதில்

சூரிச் பக்கம் இருக்கிற என் தங்கச்சியின் மகள் போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "மாமா, எனக்கு வாற வருசம் இருவது முடியிது. கிளப்பில தந்த துவக்கத் திருப்பிக் குடுக்கணும். சொந்தமா ஒண்டு வாங்கலாமெண்டு இரிக்கன். கூட்டாளிமார் செமி ஓட்டோ எடு எண்டுறாங்க, கிளப் தலைவர் போல்ட் எடு எண்டுறார். நீங்க ரெண்டிலயும் சுட்ட ஆள்தானே, என்ன சொல்றீங்க?" பதிவின் கடைசியில், கொஞ்சம் தள்ளி, அவளுடைய தாயின் குரல்: "ஒண்டும் வேணாமெண்டு சொல்லுங்கண்ணே."

இதே கேள்வியை லண்டனில் இருக்கிற ஒரு சொந்தக்காரனும் முன்பு கேட்டிருக்கிறான். பக்கத்து வளவுப் பெடியன் ஒருவனும் துவக்குச் சுடுதல் பழக ஆசை என்று என் வாசலில் வந்து நிற்பான். ஆகவே மூன்று பேருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறவன், பொலிஸில் இருந்து ஓய்வுபெற்றவன். சேர்ந்த காலத்தில் கையில் தந்தது .303, அதாவது போல்ட் இழுக்கிற பழைய லீ என்ஃபீல்ட். எண்பதுகளில் எஸ்.எல்.ஆர். வந்தது, அது செமி ஓட்டோ, அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்கிற துவக்கு. பிரிவுகளுக்கிடையிலான சுடுதல் போட்டிகளில் இரண்டாலும் சுட்டிருக்கிறேன். பெரிய கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டும் எங்கே கைவிடும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் தங்கச்சிக்கு. அவள் 1990இல் வெளிக்கிட்டவள். அந்த வருடம் மட்டக்களப்பில் இருந்தவர்களுக்கு 'துவக்கு' என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. இரவில் நாய் குரைத்தால் விளக்கை ஊதி அணைத்த வீடு அது. அவளுடைய மகள் அதே சொல்லை ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கையில் சூடான சொக்லேட் கோப்பையோடு, சிரித்துக்கொண்டு சொல்கிறாள். அங்கே 300 மீற்றர் சுடுதளம் உள்ள ஊர்கள் ஏராளம். பதினைந்து வயதிலிருந்து இருபது வயது வரையான சுவிஸ் பிரஜைகளுக்கு 'யுங்ஷூட்சன்' என்று ஒரு வகுப்பு வைத்து, படையினர் வைத்திருக்கும் அதே துவக்கை, ஸ்டூர்ம்கெவேர் 90ஐ, இரவலாகக் கொடுத்துப் பழக்குகிறார்கள். வருடாவருடம் நடக்கிற ஃபெல்ட்ஷீசன் என்ற சுடுதல் திருவிழாவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் போவார்கள். எங்கள் மாமாங்கத் தீர்த்தத்துக்குச் சனம் போவது மாதிரி. தாய் சொல்வதும் பிழையில்லை, மகள் கேட்பதும் பிழையில்லை. இரண்டு பேரும் சொல்கிற துவக்கு வேறு வேறு. தங்கச்சி, நான் அவளுக்குப் பதில் சொல்வதை நீ அனுமதியாக எடுக்காதே. அதை நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

இனி விசயம்.

போல்ட் துவக்கில் எல்லா வேலையும் உன் கைதான் செய்யும். பிடியை மேலே தூக்கினால் பூட்டுத் திறக்கும். பின்னால் இழுத்தால் வெற்றுக்கோது துள்ளி விழும். முன்னால் தள்ளினால் மகசினிலிருந்து அடுத்த ரவை அறைக்குள் போகும். பிடியைக் கீழே அமத்தினால் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டமாதிரி இரும்போடு இரும்பு பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நீ ட்ரிகரை இழுத்து, சன்னம் குழல்வாயைத் தாண்டுகிற வரைக்கும் உள்ளே ஓடுவது அடிக்கிற ஊசி மட்டும்தான்.

எஸ்.எல்.ஆர். மாதிரிச் செமி ஓட்டோவில் சன்னம் குழலின் முன்பக்கத்தைக் கடக்கும்போது அங்கே இருக்கிற சின்னத் துளையால் கொஞ்ச வாயு பிரிந்து போகும். அந்த வாயு பிஸ்டனை அடிக்க, பிஸ்டன் போல்ட்டைத் திறந்து பின்னால் தள்ளும். கோது பறக்கும். சுருள்வில் எல்லாவற்றையும் திரும்ப முன்னுக்குத் தள்ள, அடுத்த ரவை தானாக ஏறியிருக்கும். உன் விரல் ஒரு தரம் இழுத்தால் ஒரு வெடி, அவ்வளவுதான். விரலை எடுக்காமல் பிடித்தால் பொழிந்து தள்ளுவது முழு ஓட்டோ. அதை இதோடு குழப்பிக்கொள்கிற ஆட்கள் நிறைய, பத்திரிகைக்காரர் உட்பட.

இதிலிருந்து 'போல்ட் என்றால் குறி தப்பாது, செமி என்றால் சிதறும்' என்று ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். பழைய காலத்துக்கு அது பொருந்தும். இப்போது அப்படிச் சொல்லமுடியாது. அமெரிக்காவில் படைத்துவக்குப் போட்டிகளில் தொண்ணூறுகளிலிருந்து ஏஆர்-15 வகை செமிகள்தான் முன்னுக்கு நிற்கின்றன, அதுவும் 600 யார் வரைக்கும். நல்ல குழலும் நல்ல ரவையும் இருந்தால் செமியும் நேராகத்தான் சுடும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே காசுக்கு போல்ட்டில் கிடைக்கிற ட்ரிகர் செமியில் கிடைப்பது கஷ்டம். தானாக ஏற்றுகிற துவக்கில் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ட்ரிகர் பிடிவிட்டுத் திரும்பப் பிடிக்க ஒரு பொறி இருக்கவேண்டும். படைத்துவக்கு என்றால் சேறு பட்டாலும் கீழே விழுந்தாலும் தானாக வெடிக்காதபடி பாரமாகவும் வைத்திருப்பார்கள். 300 மீற்றரில் பயன்படுத்துகிற ஸ்ராண்டர்ட் ரைஃபிளுக்கு ட்ரிகர் பாரம் குறைந்தது 1,500 கிராம் என்று சர்வதேச விதி. படைத்துவக்கின் ட்ரிகர் அதைவிட நன்றாகவே பாரம். விரலில் கூடுகிற ஒவ்வொரு நூறு கிராமும் குழல்நுனியில் தெரியும்.

எவ்வளவு தெரியும்? 300 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 10 சென்ரிமீற்றர் விட்டம். எங்கள் வீட்டுத் தேநீர்ப் பிரிச்சுவை விடச் சின்னது. அந்தத் தூரத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, சுடுபவர்கள் 'மினிற்' என்று சொல்வது, ஏறக்குறைய 8.7 சென்ரிமீற்றர். ஆக துவக்கும் ரவையும் சேர்ந்து ஒரு மினிற்றுக்குள் நின்றால்தான் பத்து வட்டம் முழுக்க உன்னுடையது. துவக்கு இரண்டு மினிற் என்றால், நீ எவ்வளவு சுத்தமாக இழுத்தாலும் ஒன்றிரண்டு ஒன்பதுக்குப் போகும். அது உன் பிழையா துவக்கின் பிழையா என்று உனக்கே தெரியாது. பழகுகிற ஆளுக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு கிடையாது.

என் கதையைச் சொல்கிறேன். .303இல் ஒரு வெடி வைத்தால் தோள் சொல்லும். போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டும். லீ என்ஃபீல்ட்டில் தள்ளும்போதுதான் சுருள்வில் இறுகும், கடைசி ஒரு அங்குலத்தில் கை கொஞ்சம் பலமாகத் தள்ளவேண்டும். இந்த வேலைக்குள் இரண்டு மூன்று செக்கன் போய்விடும். அந்த இரண்டு செக்கனில் மனசு தானாக முந்திய வெடியை யோசிக்கும்: வலப்பக்கம் இழுத்துவிட்டேனோ, மூச்சுப் பிடிக்க மறந்தேனோ என்று. மறுகா அடுத்தது. எஸ்.எல்.ஆர். வந்த முதல் மாதம் என் புள்ளி குறைந்தது. துவக்கு .303ஐ விட மோசமில்லை. ஆனால் முதல் வெடி பிழைத்தால் இரண்டாவதால் சரிக்கட்டலாம் என்ற எண்ணம் விரலுக்குள் வந்துவிட்டது. பத்து ரவையும் சுட்டு முடித்துப் பார்த்தால் இலக்கில் கோழி கிண்டினமாதிரி இருந்தது. எங்களுக்குப் பழக்கிய சார்ஜன்ட் ஒரு வேலை செய்தார். மகசினில் ஒரே ஒரு ரவையைப் போட்டுத் தந்தார். சுட்டால் எழும்பி அவரிடம் நடந்து போய் அடுத்ததை வாங்கவேண்டும். கச்சான் காற்று வீசுகிற ஆனி மாத வெயிலில் இருபது தரம் நடந்தேன். மூன்றாம் நாள் புள்ளி திரும்பி வந்தது. அவர் செய்தது என்ன என்று பின்னாடிதான் விளங்கியது: செமியை போல்ட்டாக்கித் தந்திருக்கிறார்.

ஆனால் வேகமும் ஒரு கலைதான், அதைக் குறைவாக எண்ணக்கூடாது. 1914இல் பிரித்தானியப் படையினர் போல்ட் துவக்காலேயே ஒரு நிமிடத்தில் 300 யார் இலக்குக்கு 15 வெடி வைக்கப் பழகியிருந்தார்கள். உன் ஃபெல்ட்ஷீசனிலும் 18 வெடியில் கடைசி ஆறையும் ஒரு நிமிடத்துக்குள் வைக்கவேண்டும். உன் கிளப்பில் எழுபது வயது ஆட்கள் கரபினர் 31 என்ற பழைய போல்ட் துவக்கோடு வருவார்களே, பார். அது தூக்கத் தேவையில்லாத, நேரே பின்னால் இழுத்து முன்னால் தள்ளுகிற போல்ட். மகசினில் சரியாக ஆறு ரவை. அந்தக் கிழவர்கள் ஆறையும் நிமிடத்துக்குள் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடி துடைக்கிற நேரமும் மிச்சம் பிடிப்பார்கள். ஆகவே 'வேகத்துக்குச் செமி' என்ற வாதம் உன் விளையாட்டுக்குப் பெரிதாக எடுபடாது.

எந்த விளையாட்டு என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். துவக்கு பிறகு. ஒலிம்பிக் வகையென்றால் கேள்வியே இல்லை. 10 மீற்றர் எயார் ரைஃபிளும் சரி, 50 மீற்றரில் முழந்தாளில், படுத்து, நின்று சுடுகிற .22 என்ற சின்ன ரவைத் துவக்கும் சரி, ஒவ்வொரு ரவையாகக் கையால் போட்டுச் சுடுவது. செமிக்கு அங்கே இடமேயில்லை. பனியில் சறுக்கி ஓடிவந்து சுடுகிற பயத்லோனில் 50 மீற்றரில் ஐந்து இலக்கு, படுத்துச் சுட 45 மில்லிமீற்றர், நின்று சுட 115. நெஞ்சு படபடக்கச் சுடுகிற அதிலேயே தானாக ஏற்றுகிற துவக்கைத் தடைசெய்திருக்கிறார்கள், விரலால் இழுக்கிற போல்ட்தான். ஆயிரம் யாருக்கு நீட்டுகிற எஃப் கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டி, இங்கிலாந்தின் பிஸ்லியில் நடக்கிற பெரிய துவக்குப் போட்டிகள் எல்லாம் போல்ட் ஆட்களின் இராச்சியம். ஓடி, மறைந்து, வரிசையாகப் பல இலக்கை நேரத்துக்கு எதிராகச் சுடுகிற ஐ.பி.எஸ்.சி. வகைப் போட்டிகளில்தான் செமி உண்மையில் தேவை. உன் கூட்டாளிமார் அதை யூடியூபில் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா, இல்லை உண்மையில் அந்தக் கிளப்பில் இருக்கிறார்களா என்று கேள்.

இப்போது உன் சொந்தப் பிரச்சினை. நீ இடக்கை. அங்கே தமிழ்ப் பள்ளியில் யாரோ பென்சிலை வலக்கைக்கு மாற்ற முயன்று உன் தாயிடம் வாங்கிக்கட்டிய கதை எனக்குத் தெரியும். துவக்கில் இது எழுத்தை விடப் பெரிய விசயம், கடைக்காரர் பலர் இதை வாயே திறக்கமாட்டார்கள்.

வலக்கை ஆளுக்குச் செய்த போல்ட் துவக்கில் பிடி வலப்பக்கம். நீ இடத் தோளில் வைத்து, இடக்கையால் ட்ரிகர் இழுத்தால், வலக்கை முன்னால் துவக்கைத் தாங்கும். படுத்துச் சுடும்போது அந்த வலக்கையில்தான் வார்ப்பட்டி இறுகியிருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டை இழுக்க என்ன செய்வாய்? தாங்குகிற கையை எடுத்தால் கட்டின கூடு குலைந்துபோகும். இடக்கையைத் துவக்குக்கு மேலால் கொண்டுபோய் இழுத்தால் கன்னம் கழன்றுவிடும். ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து படுத்தமாதிரி. செமியில் இந்தத் தொல்லை இல்லை, கை அசையத் தேவையில்லை. ஆனால் கோது வலப்பக்கம் பறக்கும், உன் முகத்துக்கு முன்னால். சூடான பித்தளை ஒருநாள் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தால் தெரியும். நான் ஒருவனைப் பார்த்திருக்கிறேன், சுடுதளத்தில் பேய் பிடித்தமாதிரி ஆடினான். துவக்கைக் கீழே வைக்காமல் ஆடினதுதான் பயங்கரம். கண்ணாடியும் கழுத்து மூடிய சட்டையும் போடாமல் இடக்கைக்காரர் செமி தொடக்கூடாது.

போட்டிக்கென்று செய்கிற துவக்குகளில் இடக்கை போல்ட் வைத்தே வருகிறது. .22இலும் 300 மீற்றர் துவக்கிலும் கிடைக்கும், பழையதாகவும் கிடைக்கும், தேடவேண்டும். கரபினர் 31இல் அது இல்லை. எனவே உன் விசயத்தில் 'மலிவான நல்ல கரபினர் ஒன்று எடு' என்று எல்லாருக்கும் சொல்கிற புத்திமதியை நான் சொல்லமாட்டேன்.

அதற்கு முதல் ஒரு சோதனை. உன் கை இடது, கண் எது? இரண்டு கையையும் நீட்டி, பெருவிரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை ஒன்று விட்டு, அதற்குள்ளால் தூரத்தில் ஒரு பொருளைப் பார். இங்கே நான் பெடியன்களைக் கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புத்தூணைப் பார்க்கச் சொல்வேன். உனக்கு ஏதாவது தேவாலயக் கோபுரம் இருக்கும். இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு கைகளை மெல்ல முகத்துக்குக் கொண்டுவா. ஓட்டை எந்தக் கண்ணுக்கு வந்து சேருகிறதோ அதுதான் ஆளுகிற கண். இடக்கைக்காரர் சிலருக்கு வலக்கண் ஆளும். அப்படியென்றால் இவ்வளவு நாளும் இடத் தோளில் சுட்டது பிழையாகவும் இருக்கலாம். இடக்கைத் துவக்குக்குக் காசு கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்.

ரவையைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டூர்ம்கெவேருக்குப் போடுகிற ஜி.பி. 90இன் சன்னம் 4.1 கிராம், செக்கனுக்கு ஏறக்குறைய 905 மீற்றர். கரபினரின் ஜி.பி. 11இல் 11.3 கிராம், 780 மீற்றர். கணக்குப் பார்த்தால் பழையதன் சக்தி புதியதைவிட இரண்டு மடங்கு, தோளுக்கும் அப்படித்தான் வந்து சேரும். ஆனால் பக்கக் காற்றில் பாரமானது கொஞ்சம் குணமாகப் போகும். காற்றை வாசிக்கப் பழகினால் இரண்டும் ஒன்றுதான். எங்கள் சுடுதளத்தில் கொடி அசையாமல் தொங்கும், ஆனால் மணலுக்கு மேலே கானல் ஓடும். அது ஓடுகிற திசைதான் காற்று. கொடியைப் பார்த்தவன் எட்டும் ஒன்பதும் சுடுவான், கானலைப் பார்த்தவன் பத்துச் சுடுவான்.

பாதுகாப்பில் நான் போல்ட் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. போல்ட் துவக்கைச் சுட்ட பிறகு நீ கையால் ஏற்றும்வரை அறைக்குள் இருப்பது வெறும் கோது. செமி அப்படியில்லை. சுட்ட அந்தக் கணமே அது திரும்ப நிரம்பிவிடும். மகசினைக் கழற்றினாலும் அறைக்குள் ஒன்று இருக்கும். எங்கள் விடுதியில் ஒருவன் மகசினைக் கழற்றிவிட்டு, 'வெறுமைதானே' என்று கட்டிலில் இருந்தபடியே ட்ரிகரை இழுத்தான். கூரைத்தகட்டில் ஓட்டை விழுந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த மாரி முழுக்க ஓட்டைக்குக் கீழே வாளி வைத்தோம், ஒவ்வொரு சொட்டும் எங்களுக்கு ஒரு பாடம். ஆகவே செமி எடுத்தால் வரிசை மாறக்கூடாது: மகசின் வெளியே, போல்ட் பின்னால், கண்ணால் பார், சின்னவிரலால் அறையைத் தடவிப் பார், அறை வெறுமை என்று காட்டுகிற கொடித்துண்டைச் செருகு. முதலில் போல்ட்டை இழுத்துவிட்டு மறுகா மகசினைக் கழற்றுகிறவன், ஒன்றை எடுத்து ஒன்றை உள்ளே விட்டவன்.

பராமரிப்பில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, செமிக்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், அவ்வளவுதான். வாயுத்துளை, பிஸ்டன் எல்லாம் கரி பிடிக்கும். எங்கள் கடற்கரையில் கரியோடு உப்பும் சேர்ந்து, ஒரு இரவில் கறள் பிடித்துவிடும். ஒரு சிரிப்பு மட்டும் சொல்லவேண்டும். ஒருமுறை மலைநாட்டில் இருக்கிற தியத்தலாவைக்குப் போட்டிக்குப் போனோம். எங்கள் ஆள் ஒருவன் துவக்கு எண்ணெய் முடிந்துவிட்டதென்று வீட்டிலிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெயை எஸ்.எல்.ஆருக்குப் பூசினான். மட்டக்களப்பில் அது தண்ணீர்மாதிரி ஓடும். தியத்தலாவையில் விடியற்காலைக் குளிரில் அது மெழுகாகிவிட்டது. முதல் வெடிக்குப் பிறகு போல்ட் பாதியில் நின்றது, அவன் அதைத் துவக்கோடு சேர்த்துத் தரையில் குத்திக்குத்திச் சுட்டான். அதே எண்ணெயை .303க்குப் பூசிய இன்னொருவன், 'கொஞ்சம் இறுக்கமாக இருக்கு' என்று சொல்லிவிட்டு முழுவதையும் சுட்டு முடித்தான். சுவிஸ் குளிருக்கு நீ ஒழுங்கான எண்ணெய் வாங்கு.

சட்டத்தை நீ என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய், ஆனால் வீட்டுக்காரருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 2019 மே மாதம் சுவிஸ் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட திருத்தம் அந்த ஓகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. பத்துக்கு மேல் ரவை கொள்கிற மகசினோடு செமி நீளத்துவக்கு வாங்குவதானால் விசேட அனுமதி வேண்டும். ஐந்து வருடத்திலும் பத்து வருடத்திலும், கிளப்பில் இருக்கிறாய் அல்லது ஒழுங்காகச் சுடுகிறாய் என்று காட்டவேண்டும். விளையாட்டுக்கு வழக்கமாகப் பயன்படுத்துகிற போல்ட் துவக்குக்கு அந்த அனுமதி தேவையில்லை. எழுத்தில் ஒப்பந்தம் செய்து, கன்ரன், அதாவது மாநில, அலுவலகத்துக்கு அறிவித்தால் போதும்.

அதைவிட முக்கியம் இது. சுவிஸின் ஆயுத ஒழுங்குவிதியில், குறிப்பிட்ட சில நாடுகளின் பிரஜைகள் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இலங்கையும் ஒன்று. நீ சுவிஸ் பிரஜை, உனக்கு வழி இருக்கிறது. உன் தகப்பன் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருக்கிறவர். அவர் அந்தத் துவக்குக்குக் காவல்காரனாகக்கூட இருக்கக்கூடாது. பெட்டிச் சாவி உன் கையில் மட்டும்தான். அது முடியாவிட்டால் கிளப் பெட்டகத்தில் விடு. அப்படி விட்டால் தாயும் நித்திரை கொள்வாள், அதுவும் ஒரு கணக்குத்தான்.

லண்டன்காரனுக்கு ஒரு வரி: அங்கே .22ஐ விடப் பெரிய செமி ரைஃபிள்கள் ஹங்கர்ஃபோர்ட்டில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு அடுத்த வருடம், 1988இலேயே தடை. உனக்குத் தெரிவே இல்லை, போல்ட்தான். அவுஸ்திரேலியாவில் 1996, நியூசிலாந்தில் 2019, கனடாவில் 2020 என்று ஒவ்வொரு பெரிய சாவுக்கும் பிறகு ஒவ்வொரு நாடாக இறுக்கியிருக்கிறது. இன்று செமிக்குக் காசு கொட்டுகிறவன் நாளைக்கு அரசாங்கம் திருப்பி வாங்குகிற விலைக்குக் காத்திருக்கவும் தயாராக இருக்கவேண்டும்.

கல்லடிப் பெடியனுக்கு: தம்பி, இந்தக் கேள்வி உனக்கு வேண்டாம். எங்கள் துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். ஒவ்வொரு வருடமும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கவேண்டும். படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் வயலுக்கு யானை, பன்றி வருகிறதென்று அனுமதியோடு வைத்திருப்பது சொட்கன், அது வேறு கதை. காட்டோரம் மிருகம் முட்டினால் வெடிக்கிற கட்டுத்துவக்குக் கட்டுகிறவர்கள் பற்றிப் பேசவே வேண்டாம், கால் போனவர்களை நான் ஆஸ்பத்திரி வாங்கில் பார்த்திருக்கிறேன். உனக்கு வழி எயார் ரைஃபிள்தான். 10 மீற்றர், 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம், 75 நிமிடத்தில் 60 வெடி. பத்தின் மையம் வெறும் அரை மில்லிமீற்றர்ப் புள்ளி. ஒவ்வொரு வெடிக்கும் 10.9 வரை தசமத்தில் போடுவார்கள், முழுப் புள்ளி 654. எங்கள் நாட்டுத் தெஹானி எகொடவெல 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டது இதைத்தான். ஆனால் கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து தருகிறான் என்று ஒன்றை வாங்கி வீட்டில் வைக்காதே. முதலில் சுடுதல் சங்கத்தில் சேர், பொலிஸில் கேள், எழுத்தில் வாங்கு. எங்கள் ஊரில் 'விளையாட்டுத் துவக்குத்தான் சேர்' என்று சொல்லித் தப்பமுடியாது. அந்தப் பக்கம் நின்று கேட்டவன் நான்.

சரி மகள், உனக்கு என் முடிவு. செமி வாங்காதே. ஸ்டூர்ம்கெவேரால் சுட ஆசை வந்தால் கிளப்பில் கேட்டு வாங்கிச் சுடலாம், ஃபெல்ட்ஷீசனுக்கு அது போதும். கண் சோதனையில் இடக்கண்தான் என்று வந்தால், இடக்கை போல்ட் வைத்த .22 போட்டித் துவக்கு ஒன்று, பழையதாக, கிளப் தலைவர் பார்த்துச் சரி சொன்னதாக எடு. 300 மீற்றர்த் துவக்கை ஒரு வருடம் கழித்து யோசி. .22இன் ரவை மலிவு, தோளில் அடிக்காது. காசு குறைந்தால் அதைவிடவும் முதல் கிளப் எயார் ரைஃபிள். வலக்கண் என்று வந்தால் எனக்கு ஒரு கோல் எடு, கதை முழுக்க மாறும்.

வாங்கும் வரைக்கும் சும்மா இராதே. கிளப்பில் துவக்கை வெறுமையாக்கி, தலைவருக்குக் காட்டி, வெற்றாய் இழுக்கிற பயிற்சி செய். .22 என்றால் வெற்றாய் அடிக்கும்போது ஊசி அறையின் விளிம்பைக் குத்தும், அதற்குப் பொய்ரவை போடவேண்டும். படுத்துக்கொண்டு, குழலின் மேலே, நுனிக்குப் பக்கத்தில் ஒரு இருபது ராப்பன் காசைக் கூட்டாளி ஒருத்தியைக் கொண்டு வைக்கச் சொல். எங்களுக்கு சார்ஜன்ட் வைத்தது இரண்டு ரூபாய்க் குத்தி. காசு விழாமல் ட்ரிகர் விழவேண்டும். நான் முதல் நாள் இருபதில் பதினேழு தரம் காசு பொறுக்கினேன். ஆடி அமாவாசைக்கு நீங்கள் எல்லாரும் வருவதாகச் சொன்னீர்கள். வரும்போது உன் கணக்கை எழுதிக்கொண்டு வா.